தொப்பூர் இறக்கமும் ஒரு சாக்கெட்டும்

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் லாரி, தருமபுரியைக் கடந்து பாளையம்புதூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் தொப்பூர்க் கணவாயில் இறங்கத் தொடங்குகிறது. அங்குள்ள கட்டமேடு, இரட்டைப் பாலம் ஆகிய பெயர்கள் தமிழ்ச் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு விபத்துச் செய்திகளின் வழியாகத்தான் அறிமுகம். 2020 டிசம்பர் 12 அன்று, நெரிசலில் நின்றிருந்த கார்கள்மீது சிமென்ட் ஏற்றி வந்த லாரி மோதி 4 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதி மறுபடியும் 4 பேர். இந்தக் கணவாயிலிருந்து வரும் செய்திகளில் பல தடவை ஒரே வாக்கியத்தைப் பார்க்கலாம்: பிரேக் பிடிக்காததால் லாரி கட்டுப்பாட்டை இழந்தது. இறந்தவரைப் பற்றி ‘இதயம் நின்றதால் இறந்தார்’ என்று எழுதுவதைப் போன்றது இது. பொய்யில்லை, ஆனால் எதையும் சொல்லவில்லை. பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதற்கான விடை மோதிய இடத்தில் கிடைக்காது. அதற்குப் பத்து நிமிடம் முன்பு, மேலே, ஓட்டுநரின் இரண்டு கால்களும் கியர் பிடித்த கையும் என்ன செய்தன என்பதில்தான் அது இருக்கிறது. அந்தப் பத்து நிமிடமும் வண்டிக்குள் மின்குறிகளாக ஓடுகிறது. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சாக்கெட்டின் வழியே அதை வெளியே எடுக்கவும் முடியும். எடுத்துவைக்க ஆளில்லாததால் அது அந்தந்த நொடியிலேயே அழிந்துபோகிறது. எடுத்துவைக்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். எடுத்ததைப் படிக்கும் வித்தை ஏற்கனவே இருக்கிறது. அது கார்ப் பந்தயக்காரர்களிடம் இருக்கிறது.

முதலில் சாக்கெட். காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் உயரத்தில், 16 பின் கொண்ட சரிவக வடிவ சாக்கெட் ஒன்று இருக்கும். மெக்கானிக் ‘ஸ்கேனர் போட்டுப் பார்க்கிறேன்’ என்று சொல்லி வயரைச் செருகும் இடம் அதுதான். அதன் பிறப்புக்கும் ஓட்டுநருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கலிபோர்னியாவின் புகைமூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கிளம்பிய சட்டம், வண்டியின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டுப்போனால் வண்டியே அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்றது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற ஒரே தரம் கட்டாயமானது. இந்தியாவுக்கு அது பாரத் ஸ்டேஜ் விதிகளின் கையைப் பிடித்து வந்தது: பிஎஸ்-4 காலத்தில் 2010இல் ஒரு படி, 2013இல் இன்னொரு படி, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6. ஆக, புகையைக் கவனிப்பதற்காக வைத்த ஜன்னல் இது. ஓட்டுநர் அதில் தெரிவது தற்செயல். இந்தத் தற்செயலை மனதில் வைத்துக்கொண்டால்தான் ஜன்னலில் எது தெரியும், எது தெரியாது என்பது புரியும்.

சாக்கெட்டோடு பேசுவது கேள்வி-பதில் முறை. எஞ்சின் வேகம் வேண்டுமென்றால் ‘01 0சி’ என்று கேட்க வேண்டும். ‘41 0சி 1ஏ எஃப்8’ என்று பதில் வரும். முதல் இரண்டும் கேள்வியின் எதிரொலி; கடைசி இரண்டில்தான் சரக்கு. பதினாறடிமான எண்ணில் 1ஏ என்பது 26, எஃப்8 என்பது 248. 26ஐ 256ஆல் பெருக்கி 248ஐக் கூட்டினால் 6904. அதை நான்கால் வகுத்தால் 1726. எஞ்சின் நிமிடத்துக்கு 1726 சுற்று சுற்றுகிறது. வண்டியின் வேகத்துக்கு ‘01 0டி’. ஒரே பைட் என்பதால் 0 முதல் 255 வரை முழுக் கிலோமீட்டராகத்தான் வரும், 43.6 என்றெல்லாம் வராது. ஆக்சிலேட்டருக்கு இரண்டு வேறு எண்கள் உண்டு. ஒன்று எஞ்சினின் காற்றுவழித் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. மற்றது மிதியை ஓட்டுநர் எவ்வளவு அமுக்கியிருக்கிறார் என்பது. கேபிள் இருந்த காலத்தில் இரண்டும் ஒன்றே. இப்போது மிதிக்கும் தகட்டுக்கும் நடுவே கணினி உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுநர் கேட்டதையும் கணினி கொடுத்ததையும் பிரித்துப் பார்க்காதவர்கள் ஓட்டுநர்மீது தவறான தீர்ப்பு எழுதுவார்கள். டீசல் எஞ்சினில் இது இன்னும் முக்கியம். அங்கே வேகத்தை ஆள்வது காற்றுவழித் தகடு கிடையாது, பீய்ச்சப்படும் டீசலின் அளவு.

இந்தக் கேள்விகளின் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத மூன்று உண்டு: பிரேக் மிதி, ஸ்டீயரிங் கோணம், கிளட்ச். பிரேக்கால் புகை வராது. புகைச் சட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. பந்தயக்காரருக்கோ அதுதான் முதல் தேவை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் ஓடுதளத்திலும், கோவை செட்டிப்பாளையம் அருகே உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் கார் ஓட்டிப் பழகுபவர் தன் ஓட்டத்தை ஆராய விரும்பினால், எங்கே பிரேக்கைத் தொட்டார், எவ்வளவு அழுத்தினார், எப்போது விட்டார், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கால் எங்கே இருந்தது ஆகிய நான்கும் வேண்டும். ஃபார்முலா 1 அணிகள் 1980களிலிருந்து இதற்கென்றே தனி உணரிகளைப் பொருத்திவருகின்றன. சொந்தக் காரை ஓடுதளத்துக்குக் கொண்டுவருபவரிடம் அந்தப் பணம் இல்லை. ப்ளூடூத் டாங்கிளைச் செருகிக் கைபேசியில் பதிவுசெய்கிறார். இங்கே இரண்டாவது தடை வருகிறது. மலிவான டாங்கிள் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விஷயங்களைக் கேட்டால் ஒவ்வொன்றும் நொடிக்கு இரண்டு முறைதான் புதுப்பிக்கப்படும். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 40 மீட்டர் ஓடுகிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவே 20 மீட்டர் போய்விடும். பிரேக் தொடும் இடத்தை 5 மீட்டர் தள்ளிவைப்பதா என்று யோசிப்பவருக்கு 20 மீட்டர் இடைவெளியுள்ள பதிவால் என்ன பயன்?

ஆகவே அவர்கள் கேட்பதை விட்டுவிட்டு ஒட்டுக்கேட்கத் தொடங்கினார்கள். வண்டிக்குள் இருக்கும் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ள கேன் என்ற கம்பித்தொடர்பைப் பயன்படுத்துகின்றன. பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட முறை இது. வழுக்கலைத் தடுக்கும் கணினிக்கு ஸ்டீயரிங் கோணமும் பிரேக் அழுத்தமும் தெரிந்தாக வேண்டும். எனவே அந்த எண்கள் யாரும் கேட்காமலேயே நொடிக்குப் பல பத்து தடவை கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும். ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆகிய பின்களில் காது வைத்தால் பல கார்களில் அவை கேட்கும். கேட்பது எளிது, புரிந்துகொள்வதுதான் பாடு. எந்தச் செய்தியின் எந்த பைட் ஸ்டீயரிங் என்பதை நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓடவிடாமல், ஓடும் எண்களைத் திரையில் வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை மெதுவாக இடப்பக்கம் திருப்பி, நூற்றுக்கணக்கான பைட்களில் எந்த இரண்டு அசைகின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு பிரேக்கை மிதித்து அதே வேலை. பொறுமையுள்ளவர்கள் ஒரு மாலைப் பொழுதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அண்மைக் கார்கள் சிலவற்றில் நிறுவனம் நடுவே ஒரு தடுப்புக் கணினியை வைத்துக் காதை அடைத்துவிடுகிறது; அங்கே இந்த வித்தை பலிக்காது.

லாரிக்கு வருவோம். காரில் திருடிக் கேட்க வேண்டியிருப்பதை லாரி வாய்விட்டுச் சொல்கிறது. கனரக வாகனங்களின் எஞ்சின் ஒரு நிறுவனம், கியர்பாக்ஸ் ஒரு நிறுவனம், பிரேக் இன்னொரு நிறுவனம் என்று பிரிந்து கிடப்பது வழக்கம். இவை ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் மொழி பொதுவாக இருக்க வேண்டும். அப்படி உருவானதுதான் ஜே1939 என்ற தரம். கம்பி அதே கேன், ஆனால் எந்த எண் எந்தப் பொருளைக் குறிக்கும் என்பது அச்சிட்ட புத்தகத்தில் இருக்கிறது. ஆக்சிலேட்டர் மிதியின் நிலைக்கு எண் 91, நொடிக்கு 20 தடவை. எஞ்சின் சுற்றுக்கு 190. சக்கர வேகத்துக்கு 84, அதுவும் கிலோமீட்டரின் 256இல் ஒரு பங்கு நுட்பத்தில். டீசல் செலவாகும் வீதத்துக்கு 183. காரின் பட்டியலில் இடம் கிடைக்காத பிரேக் மிதிக்கு 597, கிளட்ச் மிதிக்கு 598. மிதித்தாரா இல்லையா என்பதை மட்டும் சொல்லும் சுவிட்சுகள் இவை. எவ்வளவு அழுத்தினார் என்று சொல்லாது. ஆனாலும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கே இவை தேவைப்படுவதால் பிஎஸ்-6 லாரிகளில் பொதுவாக இருக்கும். பந்தயக் கார்க்காரர் ஏங்கும் தகவலில் பாதி, சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் நிற்கும் லாரிகளில் கேட்பாரற்று ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவின் வேகக் குறைபாடு என்ற பிரச்சினையும் இங்கே இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் லாரிக்கு நொடிக்கு இரண்டு அளவு தாராளம்; நமக்கு வேண்டியது மீட்டர் கணக்கு அல்ல, நிமிடக் கணக்கு.

தொப்பூரில் இந்த எண்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வண்டி கியரில் இறங்கியதா, நியூட்ரலில் இறங்கியதா என்பதுதான். டீசலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் விடுவதும், சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு உருளவிடுவதும் இந்தக் கணவாயின் விபத்துகளுக்கு முக்கியக் காரணம் என்று காவல்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. சொல்கிறார்களே தவிர, குறிப்பிட்ட ஒரு விபத்தில் அதை நிறுவுவது கடினம். நொறுங்கிய வண்டியில் கியர் தண்டு எங்கே கிடந்தது என்பது மோதலுக்கு முன் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. கியர் நிலையைச் சொல்லும் உணரி சாதாரண கியர்பாக்ஸில் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் இரண்டு எளிய எண்கள் போதும். கியரில் இருக்கும்வரை எஞ்சின் சுற்றும் சக்கர வேகமும் பல்சக்கரங்களால் பூட்டப்பட்டவை. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒவ்வொரு கியருக்கும் ஒரு மாறாத எண் வரும். ஒரு லாரி டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 1600 சுற்று ஓடுகிறது என்றால் அந்த விகிதம் 20. கீழ் கியர்களில் அது கூடிக்கொண்டே போகும். 20க்குக் கீழே போக எந்தக் கியராலும் முடியாது. இறக்கத்தின் பதிவில் வேகம் 50 என்றும் எஞ்சின் 600 என்றும் இருந்தால் விகிதம் 12. அப்படியொரு கியர் அந்தப் பெட்டியில் இல்லை. கிளட்சை மிதித்திருக்கலாமே என்றால், கியர் மாற்ற ஓரிரு நொடிதான் மிதிப்பார்கள். மேலும் சுவிட்ச் 598 அதையும் சொல்லிவிடும். கிளட்ச் மிதிக்கப்படாமல் இரண்டு நிமிடம் விகிதம் 12, 11, 10 என்று இறங்கினால் அது நியூட்ரல். எஞ்சின் சுற்று 0 என்றால் அணைத்திருக்கிறார். ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

நியூட்ரல் ஏன் அவ்வளவு மோசம்? 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 39 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் டீசலை எரித்தால் கிடைக்கும் வெப்பம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தருமபுரி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் ஏறத்தாழ 280 மீட்டரில். இந்த வித்தியாசத்தில் கணிசமான பங்கை லாரி தொப்பூரில் சில கிலோமீட்டருக்குள் இறங்கித் தீர்க்கிறது. அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். பத்து பிரேக் டிரம், ஒவ்வொன்றும் 50 கிலோ என்று வைத்து, 100 மீட்டர் இறக்கத்தின் ஆற்றல் முழுவதையும் அவற்றின் தலையில் கட்டினால் வெப்பம் 160 டிகிரி அளவுக்கு ஏறும். இன்னொரு 100 மீட்டர் என்றால் 320. டயரின் உராய்வும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் எல்லா டிரம்மும் சமமாக வேலை செய்வதில்லை என்பதும் உண்மை. சரியாக டைட் வைத்த நான்கு சக்கரம் மற்றவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்து முதலில் வேகும். சூடான டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது, லைனிங்கும் தன் பிடிமானத்தை இழக்கிறது. மிதி காலடியில் இருக்கிறது, காற்றழுத்தம் இருக்கிறது, பிரேக் மட்டும் இல்லை. எஞ்சினை அணைத்திருந்தால் கம்ப்ரசரும் நின்றுவிடும். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் இருக்கும் காற்று குறையுமே தவிர நிரம்பாது.

கியரில் இறங்கும் வண்டியில் இந்தச் சுமையை எஞ்சின் ஏற்றுக்கொள்கிறது. 100 மீட்டருக்கு 4 மீட்டர் இறங்கும் சாலையில் 40 டன் வண்டியை 30 கிலோமீட்டரில் பிடித்துவைக்க, டயர் உராய்வும் காற்றின் தடையும் போக, 105 கிலோவாட் அளவு தடை வேண்டும். கீழ் கியரில் எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்ந்து அதன் பெரும்பகுதியைத் தாங்கும். அதே சாலையில் 60 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 195 கிலோவாட் வேண்டும். டாப் கியரில் எஞ்சினால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, நியூட்ரலில் கேட்கவே வேண்டாம். கனரக வாகனங்கள் இங்கே மெதுவாகத்தான் இறங்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்ததன் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். இறங்கத் தொடங்கும் முன் எடுக்கும் முடிவே எல்லாம். பாதி இறக்கத்தில், டிரம் புகைந்த பிறகு, கீழ் கியருக்கு மாற்றப் பார்த்தால் கியர் விழாது. விழாத கியர் என்றால் மறுபடியும் நியூட்ரல்.

டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையைத் தீர்த்துவைக்கக் கூடிய எண்ணும் அதே கம்பியில் இருக்கிறது. கணினி ஆளும் டீசல் எஞ்சினில், வண்டி கியரில் உருளும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பீய்ச்சுவது அடியோடு நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. எண் 183 அப்போது 0 காட்டும். நியூட்ரலுக்குப் போனால் எஞ்சின் அணையாமல் இருக்கத் தானே டீசல் குடிக்க வேண்டும்; 0 மறைந்து ஒரு அளவு வரும். அதாவது மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்வதுதான் செலவு. இந்த நம்பிக்கைக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய ஒரே ஒரு வாதத்தையும் பார்த்துவிடலாம். நியூட்ரலில் வந்தவன் வேகமாக அடிவாரம் சேர்கிறான். அந்த வேகத்தில் சமதளத்தில் கொஞ்ச தூரம் இலவசமாக உருளலாம். சரி. 30க்குப் பதிலாக 60 கிலோமீட்டரில் அடிவாரம் வந்த 40 டன் வண்டியிடம் கூடுதலாக இருப்பது 4.2 மெகாஜூல். எஞ்சின் 100க்கு 40 பங்கு திறனோடு அதை உருவாக்க வேண்டுமென்றால் 0.3 லிட்டர் டீசல் போதும். இரண்டு டீ, இரண்டு வடைக்கு மேல் அதில் எதுவும் வராது. இந்தக் கணக்கை அறிவிப்புப் பலகையில் எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை, அதில் தப்பும் இல்லை. பலகைகள் எல்லாவற்றையும்தான் சொல்கின்றன. தன் வண்டியின் எண்ணைத் தன் கண்ணால் பார்ப்பது வேறு.

பந்தயக்காரரிடம் கற்க வேண்டிய இன்னொன்று, ஒரு எண்ணைத் தனியாகப் படிக்காமல் இரண்டை அருகருகே வைத்துப் படிப்பது. சுற்றுக்குச் சுற்று ஒரே வளைவுக்கு முன்னால் பிரேக்கை முன்கூட்டியே தொடுகிறாரா, அதிக நேரம் மிதிக்கிறாரா என்று பார்த்து, கார் நின்று போகும் முன்பே பிரேக் சூடேறுவதைக் கண்டுகொள்கிறார்கள். லாரியிலும் அதே வித்தை செல்லும். பிரேக் சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது, வேகம் குறையும் வீதம் மட்டும் சரிந்துகொண்டே வருகிறது என்றால் டிரம் சூடேறுகிறது என்று பொருள். மிதித்தும் வேகம் கூடுகிறது என்ற கட்டம் வருவதற்குச் சில நிமிடம் முன்பே இந்தச் சரிவு பதிவில் தெரியத் தொடங்கும். சுவிட்ச் எவ்வளவு அழுத்தம் என்று சொல்லாததால் இந்தக் கணக்கு கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். மெதுவாக மிதித்ததையும் பிடிக்காமல் போனதையும் ஒரு நொடியின் பதிவில் பிரிக்க முடியாது, ஐந்து நிமிடப் பதிவில் பிரித்துவிடலாம்.

எதிர்ப்புகள் வரும். ஓட்டுநரைக் குற்றவாளி ஆக்குகிறாயே, சாலை தப்பில்லையா என்பது அவற்றில் கனமானது. சாலையிலும் தப்பு இருக்கிறது. இறக்கத்தோடு வளைவும் சேர்ந்த அந்த அமைப்பு சரியில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டதால்தான் 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை, சுமார் 775 கோடி ரூபாய்த் திட்டம் என்று முடிவானது. 2024இல் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. ஆனால் சாலையைச் சரியாகக் கட்டுவதற்கும் இந்தப் பதிவு வேண்டும். எந்த வளைவுக்கு முன்னால் பெரும்பாலான ஓட்டுநர்கள் பிரேக்கைத் தொடுகிறார்கள், எங்கே தேவையில்லாமல் தொடுகிறார்கள், எங்கே கீழ் கியருக்கு மாற்ற இடம் இல்லாமல் போகிறது என்பதை ஆயிரம் வண்டிகளின் பதிவு சொல்லும். இப்போது சாலைப் பொறியாளருக்குக் கிடைப்பது விபத்து நடந்த இடத்தின் பட்டியல் மட்டுமே. லாரி மோதிய இடம் தவறு நடந்த இடம் அல்ல; தவறு மேலே நடந்தது. புதிய சாலை வந்தாலும் உயர வித்தியாசம் எங்கும் போய்விடாது, நியூட்ரலும் போய்விடாது.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். பொதுப் போக்குவரத்துப் பயணிகள் வாகனங்களுக்கு ஏஐஎஸ்-140 தரத்தில் இடங்காட்டும் கருவி கட்டாயம். சரக்கு லாரி உரிமையாளர்கள் பலரும் தாமாகவே வைத்திருக்கிறார்கள். வண்டி எங்கே, எவ்வளவு வேகம் என்பது அதில் தெரியும். 45 கிலோமீட்டரில் கியரில் இறங்கிய வண்டியும் 45இல் நியூட்ரலில் இறங்கிய வண்டியும் ஜிபிஎஸ்ஸின் கண்ணுக்கு ஒன்றே. விபத்துப் பதிவுக் கருவி வைக்கலாமே என்றால், ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கியிருக்கும் கருவி மோதலுக்கு முந்தைய 5 நொடியைத்தான் வைத்துக்கொள்கிறது. நகரத்துக் கார் மோதலுக்கு அது போதும். தொப்பூரில் அந்த 5 நொடியில் தெரியப்போவது, மிதித்தும் நிற்காத வண்டி ஒன்றுதான். அது ஏற்கனவே செய்தித்தாளில் வந்துவிட்டது.

சாக்கெட்டில் கண்ட கருவியைச் செருகுவது ஆபத்து என்ற எதிர்ப்பை நான் முழுதாக ஏற்கிறேன். 2015இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள், காப்பீட்டு நிறுவனங்கள் தரும் வகையைச் சேர்ந்த ஒரு டாங்கிளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே ஒரு கார்வெட் காரின் பிரேக்கை இயக்கியும் முடக்கியும் காட்டினார்கள். கேன் கம்பியில் பேசுபவர் யார் என்று பொதுவாக எந்தக் கணினியும் சரிபார்ப்பதில்லை; அது 1980களின் வெள்ளந்தித்தனம். ஆனால் இந்த ஆபத்து பேசும் கருவிக்குரியது. காரில் பொதுவாகக் கேள்வி கேட்டாக வேண்டும், அதனால் கருவி பேசியாக வேண்டும். லாரி கேட்காமலே சொல்வதால், வாயே இல்லாமல் காது மட்டும் உள்ள கருவி போதும். கம்பியில் எதையும் எழுத முடியாதபடி மின்சுற்றிலேயே அதைச் செய்யலாம். வலையோடு இணைக்கவும் தேவையில்லை. ஆறு அளவுகள், நொடிக்குப் பத்து தடவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், கடைசிப் பத்து நிமிடம்: மொத்தம் 72,000 பைட். கைபேசியில் வரும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிது.

பழைய லாரிகளில் இது நடக்காது என்பதற்குப் பதில் இல்லை, உண்மையிலேயே நடக்காது. கணினியே இல்லாத வண்டியிடம் எண் கேட்க முடியாது. அந்த லாரிகள் ஓயும்வரை அறிவிப்புப் பலகையும் போலீசும்தான். எனினும் பிஎஸ்-6 வந்த பிறகு விற்ற கனரக லாரிகள் பொதுவாக இந்த மொழியைப் பேசுகின்றன. அவற்றில் ஒரு பகுதி பக்கத்து ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலையிலிருந்து புறப்பட்டவை.

மிச்சம் இருப்பது ஓட்டுநரின் அச்சம். பதிவு உரிமையாளரின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்: டீசல் கணக்கில் பிடித்தம், விபத்து நடந்தால் வழக்கு. இந்த அச்சத்தை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மட்டும் ஆற்ற முடியாது. பந்தயக் களத்தின் வழக்கம் இங்கே உதவும். ஓடி முடித்த ஓட்டுநர் தன் பதிவைத் தான்தான் முதலில் பார்க்கிறார், பயிற்சியாளரோடு உட்கார்ந்து பார்க்கிறார். அது தண்டிக்க வைத்த ஆவணமாக இருந்தால் யாரும் ஓட்டத்தை மேம்படுத்தியிருக்க மாட்டார்கள். லாரியிலும் பதிவு வண்டிக்குள்ளேயே இருக்கட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் பழையது தானாக அழியட்டும், விபத்தில் மட்டும் நீதிமன்றத்தின் வழியே வெளியே வரட்டும். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்துவது போன்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில், ஓட்டுநர் சம்மதித்துத் தரும் பதிவைப் பெயர் நீக்கித் திரையில் காட்டலாம். நியாயமாக இறங்கியவருக்கு இந்தப் பதிவே காப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீழ் கியரில், 30இல் இறங்கியும் பிரேக் போனது என்று எண்கள் காட்டினால் பழி பராமரிப்பு பார்க்காத உரிமையாளர் மீதும், அளவுக்கு மேல் ஏற்றியவர் மீதும் திரும்பும். இன்றைக்கு ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று சொல்லும் ஓட்டுநரிடம் அதை நிரூபிக்க எதுவுமே இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை உண்டு. பிஎஸ்-6 லாரி வைத்திருப்பவர்கள், கனரக வண்டிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டி கியரில் ஓடும்போது டிரைவரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்லி, டீசல் வீதம் என்ற வரி 0 ஆவதைப் பாருங்கள். பிறகு வண்டியை ஓரம் கட்டி நியூட்ரலில் ஓடவிட்டு அதே வரியைப் பாருங்கள். இரண்டையும் டிரைவருக்குக் காட்டுங்கள். இந்தச் சோதனையை ஆளில்லாத சமதளச் சாலையில் செய்யுங்கள், தொப்பூரில் வேண்டாம்.